கூடை எடை கழித்து

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நான் எடைக்காரி.
முதலில் வெறுங்கூடையை வைத்து
எண்ணைப் பூஜ்யமாக்கி
அப்புறம்தான் சங்கரா, அப்புறம்தான் காரப்பொடி.
ஒன்பது வருஷத்தில் என் தராசை
ஒரு ஏலக்காரனும் முறைத்துப் பார்த்ததில்லை.

பதினோரு நாளாய் நான் மாத்திரை போடவில்லை.

டப்பாவுக்குள் இருந்தது
வெங்காயச் சருகு மாதிரி ஒரு தாள், எட்டாய் மடித்து.
விடியற்காலை மூன்று மணி. மடியில் மகள்.
செல்போன் வெளிச்சத்தில் எறும்பெழுத்து இங்கிலீஷ்.
லாக்டேஷன் என்ற சொல்லை
வலையில் சிக்கிய நண்டைப்போல
மெதுவாய்ப் பிரித்தெடுத்தேன்.
பக்கத்தில் ஒரே வரி: டாக்டரைக் கேள்.
மூன்று மணிக்கு எந்த டாக்டரை?

நாத்தனார் செண்பகவடிவு சொன்னாள்,
"நீ முழுங்குறதத்தான் அவளும் முழுங்குறா."
அதற்குமேல் எனக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை.
ஒருநாள் இரவு பாலைப் பீய்ச்சி
வாஷ்பேசினில் விட்டேன்.
வெள்ளையாய்த்தான் போனது.
மறுநாளிலிருந்து காலை ஒன்று, ராத்திரி ஒன்று
பவுடர் டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.
ஊசியை மட்டும் விடவில்லை,
அதுவும் பாதி மனசோடு.

மாட்டிக்கொண்டது மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்,
மருந்து ஜன்னலில்.
"இந்த மாசம் மாத்திரை வேணாம், கையில இருக்கு."
சகாயராணி நிமிர்ந்தாள்.
"முப்பது நாளுக்குத்தானே குடுத்தேன். எப்படி இருக்கும்?"
எண்ணிக் கொடுப்பவளிடம்
எண்ணி வாங்குகிறவள் பொய் சொல்ல முடியாது.
அழுதேன். வரிசை காத்திருந்தது.
பின்னால் ஒருவர் டோக்கனால் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

விரலில் குத்தினார்கள். இருநூற்று எண்பத்தேழு.

"பால்ல போவுமா டாக்டர்?"
"போகும்" என்றாள் நஸ்ரின்.
போகாது என்று சொல்லியிருந்தால்
நம்பியிருக்க மாட்டேன்.
"நூத்துல ஒரு பங்குக்கும் கீழ.
ஊசி மருந்து அவ வயித்துக்குப் போனாலும்
சோறு மாதிரி செரிச்சுடும்."
மாசம் நிறைந்து பிறந்தவளா, எடை ஏறுகிறதா,
சரியாய்க் குடிக்கிறாளா என்று கேட்டுக்கொண்டே
அட்டையைப் புரட்டினாள்.

நூற்றில் ஒன்றுக்கும் கீழே.
எனக்குக் கூடையின் ஓரம் ஞாபகம் வந்தது,
ஒட்டியிருக்கும் செதில்.
இருக்கிறது. மின்னக்கூட மின்னும்.
அதற்கு யாரும் விலை பேசியதில்லை.

நாத்தனார் கொடுத்த பச்சை மாத்திரையைக் காட்டினேன்.
அவளுக்கும் சர்க்கரைதான்.
"இதைத் தொடாதே. சர்க்கரை மாத்திரை எல்லாம்
ஒரே மாதிரி இல்ல. ஒவ்வொண்ணையும் கேட்டுட்டுப் போடு."
சங்கராவும் சுறாவும் ஒரே கடல்தான்,
ஒரே கூடையில் போடுவேனா?

எட்டாம் நாள் இரவு.
குடித்துக்கொண்டிருக்கிறாள், எனக்குக் கை நடுங்குகிறது.
ரவிக்கை நனைந்தது பாலால் இல்லை, வேர்வையால்.
மெஷின் அறுபத்தொன்று காட்டியது.
மார்பிலிருந்து பிரித்துப் பாயில் கிடத்தினேன்.
வீறிட்டாள்.
அழட்டும். முதலில் நான்.
இதைச் சொல்ல ஒரு தாய்க்கு
எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?
மூன்று ஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர்,
எனக்கு விலக்கிய அதே சர்க்கரை.
கால் மணி நேரம் சுவரில் சாய்ந்திருந்தேன்.
ஐஸ் லாரி பின்னால் போகும் சத்தம்,
யாரோ டீசல் கேனை உருட்டுகிறார்கள்.
மெஷின் எண்பத்தெட்டு.
வாடி என் எசமானி.

இப்போது பாயோரம் நாலு பிஸ்கட் இருக்கும்.
அவள் வாய் வைக்கும்முன் என் வாய்.

நேற்று ஊசி போடக் கூட்டிப்போனேன்.
பெயர் இன்னும் வைக்கவில்லை,
அட்டையில் 'வேம்பரசி குழந்தை' என்றிருக்கிறது.
நர்ஸ் தராசில் கிடத்தினாள்.
"நாலு கிலோ முந்நூத்தி எண்பது."
எழுதப் போனவளின் பேனாவைப் பிடித்தேன்.
"துணியோட எழுதாதீங்க."
சட்டை, ஜட்டி, சுற்றியிருந்த டவல்
ஒவ்வொன்றாய் உருவினேன்.
நாலு கிலோ இருநூற்றுப் பத்து.
"இப்ப எழுதுங்க."